மேனிஃபோல்டில் முறிந்த மூன்று ஸ்டட்

என் லாரியில் அந்தச் சத்தம் முதலில் கேட்டது ஜனவரி தொடக்கத்தில். முத்தோரை பாலடாவில் அந்த நாட்களில் விடிகாலைப் புல்லெல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடக்கும். அந்தக் குளிரில் எந்த டீசல் இன்ஜினும் முதல் ஐந்து நிமிடம் கரகரவென்றுதான் ஓடும். அதற்கு நடுவில் ‘டிக் டிக் டிக்’ என்று மெல்லிசாக இன்னொரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் வேகமாகும், விட்டால் நிதானமாகும். லவ்டேல் தாண்டுவதற்குள் நின்றுவிடும். வால்வைத் தள்ளும் டேப்பெட்டில் இடைவெளி கூடியிருக்கும், அடுத்த ஆயில் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். அது தப்பு. எழுதும்போதே முதலில் சொல்லிவிடுகிறேன்.

வண்டி ஆறு சக்கரச் சின்ன லாரி. நாலு சிலிண்டர், எக்ஸாஸ்ட் புகையின் தள்ளலில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை நெட்டும் டர்போ, பதினோரு வருடம் ஓடியது. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவேன். ஏறும்போது அரிசி, உரம், சில நாள் சிமெண்ட். இன்ஜினில் பாதி கேபினுக்குள்ளேயே இருக்கும் அமைப்பு. டிரைவர் சீட்டுக்கும் கிளீனர் சீட்டுக்கும் நடுவே இன்ஜின் மூடி ஒரு திண்ணை மாதிரி எழும்பி நிற்கும். கேத்தியில் கேரட் கழுவும் இடத்தில் லோடுக்காகக் காத்து நிற்கும் இரவுகளில் அந்தத் திண்ணைதான் எங்களுக்கு அடுப்பு. கிளீனர் தம்பி அதன்மேல் கம்பளியை விரித்துச் சுருண்டுவிடுவான்.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு ராத்திரி. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, சூட்டுக்காக இன்ஜினை ஐடிலில் விட்டுவிட்டு, நான் கீழே இறங்கி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து எழுப்பினால் தம்பிக்குச் சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை. “அண்ணா, தலை பொளக்குதுண்ணா. வாந்தி வர்ற மாதிரி இருக்கு” என்றான். கேபினுக்குள் தலையை விட்ட எனக்குக் கண் எரிந்தது. அவனைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்து திறந்த வெளியில் உட்கார வைத்தேன். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டான். நான்தான் அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் புகையைவிடக் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி, தூக்கம் என்றுதான் தொடங்கும். தூங்குகிற ஆளுக்கு அது தொடங்கியதே தெரியாது. அன்று கண் எரிந்ததே எங்களுக்கு நல்ல காலம். புகையின் மற்ற நெடி காட்டிக்கொடுத்தது. மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் குளிருக்குக் கண்ணாடியை ஏற்றியே வைத்திருப்போம். அதனால் இன்ஜின் மூடியின் பக்கமிருந்து லேசாகப் புகை வாடை வந்தாலும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

காலையில் லோடை வேறு வண்டியில் மாற்றி அனுப்பிவிட்டு, காலி வண்டியை வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். மூடியைத் தூக்கி டார்ச் அடித்தால் காரணம் அப்படியே தெரிந்தது. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் வார்ப்பிரும்புக் குழாய்தான் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். அது சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக உட்காரும் ஹெட்டோடு சேருகிற இடத்தில், கேபின் பக்கத்துக் கடைசி சிலிண்டரை ஒட்டி, விசிறி விரித்தது போல் கரி. அந்த இடத்தில் மேலும் கீழும் இரண்டு ஸ்டட் இருக்க வேண்டும்; ஒரு முனை ஹெட்டுக்குள் திருகி, மறுமுனையில் நட்டு ஏறும் தலையில்லாத போல்ட் அது. இரண்டுக்கும் நட்டு இல்லை. ரேடியேட்டர் பக்கத்துக் கடைசியில் மேல் ஸ்டட்டும் இல்லை. எட்டில் மூன்று போய்விட்டது. உடைந்த துண்டுகள் எந்த வளைவில் விழுந்தனவோ. ஒன்று மட்டும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேல் சிக்கிக் கிடந்தது.

சந்தேகமில்லாமல் உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. ஒரு மீட்டர் ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை மேனிஃபோல்ட் ஓரமாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இன்ஜின் பச்சைக் குளிரில் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் சூடேறினால் மேனிஃபோல்ட் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். என் ‘டிக் டிக்’ லவ்டேலில் நின்றதற்கும் அதுதான் காரணம். டேப்பெட் சத்தமாக இருந்தால் சூடேறிய பிறகும் இருக்கும். ஃபேன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் டியூபைக் கொண்டுபோகாதீர்கள்.

ஏன் உடைந்தது

கையில் கிடைத்த அந்தத் துண்டை டீசலில் கழுவி, வெயிலில் வைத்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் இரண்டு நிறம். முக்கால் வட்டம் கரும்பழுப்பு, அதில் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற மாதிரி வளைந்த கோடுகள். மீதிக் கால் வட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில், சர்க்கரை மாதிரி பொரபொரவென்று புதுசாக இருந்தது. ஒரே இழுப்பில் அறுந்த போல்ட் இப்படி இருக்காது. ஓரத்தில் ஒரு கீறல் விழுந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், அதில் துருவும் கரியும் ஏறி, கடைசியில் மிச்சமிருந்த கால் பாகம் தாங்க முடியாமல் போயிருக்கிறது. மாதக்கணக்கில் நடந்த வேலை இது. அப்படியானால் எதுவோ மாதக்கணக்கில் அதை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஒரு காரணம் சூடு. வார்ப்பிரும்பு ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.011 மில்லிமீட்டர் விரியும். என் மேனிஃபோல்ட் அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஹெட்டைத் தண்ணீர் குளிர்விப்பதால் அது நூறு டிகிரிக்குப் பக்கத்திலேயே நிற்கும். மேனிஃபோல்ட் ஏற்றத்தில் ஐந்நூறைத் தாண்டும். நானூறு டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் மேனிஃபோல்ட் ஹெட்டைவிட நீளமாகிறது. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பங்கிட்டால் முனைக்கு ஒரு மில்லிமீட்டர். நடு ஸ்டட்டுகளுக்கு ஒன்றுமில்லை, கடைசி ஸ்டட்டுகளுக்குத்தான் முழு இழுப்பும். அதனால்தான் எந்த வண்டியில் பார்த்தாலும் முனைகளில் உள்ளவையே முதலில் போகின்றன.

சமவெளியில் ஓடும் வண்டிக்கு இந்த விரிவு ஒரு நாளைக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான். சூடேறி, அதே சூட்டில் மணிக்கணக்கில் ஓடும். மலை வண்டிக்கு அப்படி இல்லை. கல்லாரிலிருந்து குன்னூர் வரை இரண்டாவது கியரில் லோடோடு ஏறினால் மேனிஃபோல்ட் பழுக்கக் காயும். இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்தாகிவிட்டது, டீசல் போகவில்லை, சிலிண்டர்கள் வெறும் குளிர்ந்த காற்றை உறிஞ்சி மேனிஃபோல்டுக்குள் தள்ளுகின்றன. அதோடு எக்ஸாஸ்ட் பிரேக்கையும் போட்டால் வெளியே போகும் வழி அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறி, ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங்கை வெளிப்பக்கம் நெட்டுகிறது. காய்வது, குளிர்வது, நெட்டுவது. ஒரே நடையில் இத்தனையும் நடக்கிறது.

இதற்காகத்தான் முனை ஓட்டைகளை ஸ்டட்டைவிடப் பெரிதாக, நீள்வட்டமாகவே தயாரித்திருக்கிறார்கள். மேனிஃபோல்ட் வழுக்கிக்கொள்ள இடம். என் வண்டியில் அந்த இடம் முழுக்கத் துருவும் கரியும் கெட்டியாகி, சிமெண்ட் பூசியது போல் அடைத்திருந்தது.

ஆனால் சூடு மட்டும் காரணம் என்றால் ரேடியேட்டர் பக்கமும் இரண்டும் போயிருக்க வேண்டும். கேபின் பக்கம் இரண்டு, முன்பக்கம் ஒன்று என்பது எனக்கு உறுத்தியது. வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. டர்போவிலிருந்து இறங்கும் சைலன்சர் பைப்பை கியர்பாக்ஸோடு சேர்த்துப் பிடிக்கிற பட்டை பிராக்கெட் காணோம். பிராக்கெட் உட்கார வேண்டிய இரண்டு மரை ஓட்டைகளில் சேறு நிரம்பி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் வெளியூரில் ஒரு பட்டறையில் கிளட்ச் மாற்றினோம். கியர்பாக்ஸை இறக்கக் கழற்றிய பிராக்கெட் திரும்ப ஏறவில்லை. அன்றிலிருந்து டர்போவும் பைப்புமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோ, பின்பக்க ஸ்டட்டுகளில் தொங்கிக்கொண்டே ஆடியிருக்கிறது. இதைப் பார்க்காமல் மூன்று ஸ்டட்டை மட்டும் மாற்றியிருந்தால், அடுத்த உறைபனிக்குள் அவையும் முறிந்திருக்கும்.

ஆக, உடைந்த துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் முகத்தையும், எந்த இடத்து ஸ்டட் போயிருக்கிறது என்பதையும் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

கழற்றியது

இரண்டு சாயங்காலம் எதையும் திருகவில்லை. மிச்சமிருந்த ஐந்து நட்டுகளுக்கும், உடைந்த இடங்களுக்கும், டர்போ நட்டுகளுக்கும் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடிப்பது, இன்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குவது, ஆறவிட்டு மறுபடி அடிப்பது. சூடேறி ஆறும்போது மரைக்குள் எண்ணெய் இறங்குகிறது. அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டிருந்தால் மூன்று ஐந்தாகியிருக்கும்.

மூன்றாம் நாள் காலை பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றினேன். வெல்டிங் வரப்போகிறது, ஆல்டர்னேட்டரைக் காப்பாற்ற வேண்டும். கிளீனர் சீட், இன்ஜின் மூடி, மேனிஃபோல்ட் பக்கத்து முன் சக்கரம் மூன்றையும் எடுத்துவிட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் கை போகிறது. டர்போவுக்கு ஆயில் வரும் பைப், போகும் பைப், காற்று ஹோஸ்கள், பிறகு டர்போவே. திறந்த ஒவ்வொரு வாயிலும் சுத்தமான துணி அடைத்தேன். மொத்தம் ஆறு துணி. தம்பி சுண்ணாம்புக் கட்டியால் பம்பரில் ‘6’ என்று எழுதி வைத்தான். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தாலும் டர்போ இறக்கை தூளாகிவிடும், மறந்த துணியும் அதே வேலையைச் செய்யும்.

17-ஆம் நம்பர் ரிங் ஸ்பேனரில் ஐந்து நட்டும் கழன்றன. ஒன்று நட்டோடு சேர்ந்து ஸ்டட்டே முழுதாக வந்துவிட்டது. அது உபகாரம்தான். ஹெட்டுக்குள் ஸ்டட் எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்துகொண்டேன். 18 மில்லிமீட்டர். இந்த அளவு பின்னால் உயிர் காத்தது.

மேனிஃபோல்டை எடுத்ததும் மூன்று உடைந்த ஸ்டட்டும் மூன்று விதமாக நின்றன. ரேடியேட்டர் பக்கத்தது ஹெட்டுக்கு வெளியே ஐந்து மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. கேபின் பக்கம் மேலது ஹெட்டோடு சமமாக. கீழது ஹெட்டுக்குள்ளேயே ஐந்து மில்லிமீட்டர் தாழ்ந்து.

முதல் இரண்டுக்கும் எங்கள் ஊர் வெல்டிங் அண்ணனைக் கூப்பிட்டேன். முப்பது வருடமாக உழவு மிஷின், ட்ரெய்லர், கேட் என்று எல்லாம் ஒட்டுகிறவர். வந்ததும் அவர் செய்த முதல் வேலை, டீசல் பைப்புகள் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தது. எர்த் கிளிப்பை சேஸியில் மாட்டாமல் ஹெட்டிலேயே, ஸ்டட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் மாட்டினார். அப்போதுதான் கரண்ட் இன்ஜின் பேரிங் வழியாகச் சுற்றிப் போகாது.

நீட்டிக்கொண்டிருந்ததற்கு வைஸ் பிளையர் போட்டுப் பார்க்கலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். “அது ஒரு தடவ சறுக்குச்சுன்னா வட்டம் போயிரும் தம்பி. நேரா நட்டு வெச்சுப் போயிரலாம்.” ஸ்டட் 10 மில்லிமீட்டர். அதன் தலையில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள் 2.5 மில்லிமீட்டர் வெல்டிங் ராடை இறக்கி, ஸ்டட்டின் முகத்திலிருந்து தொடங்கி மேலே நிரப்பிக்கொண்டு வந்தார். நட்டு முழுக்கச் சிவந்தது. அதன் பிறகு யாரும் தொடவில்லை. சிவப்பு மங்கி, கறுத்து, எச்சில் பட்டால் சுர்ரென்று அடங்கும் அளவுக்கு வந்ததும் ஒரு மெழுகுவர்த்தியை ஸ்டட் ஓரத்தில் வைத்துத் தேய்த்தார். மெழுகு உருகி மரைக்குள் உறிஞ்சிக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்பேனரை மாட்டி முதலில் இறுக்கும் பக்கம் நூலளவு, பிறகு கழற்றும் பக்கம் நூலளவு. ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே முன்னும் பின்னும் அசைத்து இரண்டு நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டார்.

இதில் வெல்டிங் பிடிமானத்தைவிட வேலை செய்வது சூடுதான். ஸ்டட் காய்ந்து பருக்கப் பார்க்கும், சுற்றியுள்ள ஹெட் இறுக்கிப் பிடிக்கும், ஆறும்போது ஸ்டட் பழைய அளவைவிட மயிரிழை சுருங்கும். துருவின் கட்டு அங்கே விடுகிறது. சூட்டோடு சூடாகத் திருகினால் இளகிய உலோகம் முறுக்கிக்கொண்டு அறும். தண்ணீர் ஊற்றி ஆற்றினால் ஹெட்டில் கீறல் விழும். காத்திருக்கத்தான் வேண்டும்.

சமமாக நின்ற இரண்டாவதில் நட்டை வைத்தால் நட்டு ஹெட்டோடு சேர்ந்து ஒட்டும் ஆபத்து. முதலில் ஒரு சாதா வாஷரை வைத்து, அதன் ஓட்டை வழியாக ஸ்டட்டின் நடுவில் சொட்டுச் சொட்டாக உலோகத்தை ஏற்றி வாஷரோடு பிணைத்தார். அதன்மேல் நட்டு. முதல் நட்டு திருகும்போதே பிய்ந்துவிட்டது. இரண்டாவதும் பிய்ந்தது. நான் சோர்ந்துவிட்டேன். “பிய்யட்டும், ஒவ்வொரு வாட்டியும் சூடு உள்ள போகுதில்ல” என்றார். நாலாவது நட்டில் ஸ்டட் அசைந்தது.

மூன்றாவது அன்று வரவில்லை. ஐந்து மில்லிமீட்டர் பள்ளத்துக்குள் ராடை இறக்கினால் பக்கத்து மரையில் பட்டுவிடும். அவரே நிறுத்திவிட்டார். தெரிந்த இடத்தில் நிறுத்துகிற வேலைக்காரரை நான் ரொம்ப மதிக்கிறேன். உடைந்த ஸ்டட்டில் துளை போட்டு, உள்ளே முறுக்கி வெளியே இழுக்கும் ஈஸி அவுட் போடலாமா என்று கேட்டதற்குக் கையெடுத்துக் கும்பிட்டார். அது கடினமான எஃகு. துருப்பிடித்த ஸ்டட்டுக்குள் முறுக்கினால் உள்ளேயே முறியும், முறிந்தால் எந்த ட்ரில் பிட்டும் அதில் இறங்காது. பக்கத்து ஊரில் ஒரு டிராக்டருக்கு அப்படி ஆகி, ஹெட்டை இறக்கிக் கோயமுத்தூர் கொண்டுபோய், மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷனில் எடுத்து வந்தார்கள்.

மேட்டுப்பாளையத்தில்

நாலாம் நாள் மேனிஃபோல்டைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் மேட்டுப்பாளையம் கொண்டுபோனேன். லேத் பட்டறையில் இரும்பு ஸ்கேலை அதன் முகத்தில் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தோம். நடுவில் நுழையவில்லை. ரேடியேட்டர் பக்க முனையில் 0.3, கேபின் பக்க முனையில் 0.8 மில்லிமீட்டர் நுழைந்தது. பேக்கிங் இந்த அளவு வளைவை அடைக்காது. ஸ்டட் புதிதாகப் போட்டு வலுக்கட்டாயமாக இறுக்கினால், வளைந்த இரும்பு நிமிரப் பார்த்து ஸ்டட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் முகத்தைக் கிரைண்டிங் பிடிக்கச் சொன்னேன். மேனிஃபோல்டில் ஸ்டட் நுழையும் காதுகளில் கீறல் இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்த்தார் லேத்காரர். மணி மாதிரி ஒலித்தது, நல்ல காஸ்டிங்.

மூன்றாவது ஸ்டட்டின் கதையைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “உள்ள அஞ்சு மில்லி மரை சும்மாதானுங்க இருக்கு? அப்ப அதையே வழிகாட்டியா வெச்சுக்குங்க” என்றார். ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்து, லேத்தில் பிடித்து, நட்டநடுவில் நீளவாக்கில் 5 மில்லிமீட்டர் துளை போட்டு இருபது நிமிடத்தில் கொடுத்தார். அந்தப் போல்ட்டை ஹெட்டில் காலியாக இருக்கும் மரையில் திருகிவிட்டால் அதன் துளை உடைந்த ஸ்டட்டின் நட்டநடுவில் நிற்கும். சென்டர் பஞ்ச் அடிக்க வேண்டாம், கண்ணளவும் வேண்டாம். இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த கருவி அதுதான். துணியில் சுற்றி டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை அப்படியே செய்தேன். ட்ரில் பிட்டில் ஒட்டும் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டேன். ஸ்டட் மொத்தம் 18 போகிறது, அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகக் கூடாது, ஏனென்றால் பின்னால் தண்ணீர் ஓடும் அறை. இடது பக்கம் சுற்றும் பிட் ஒன்று வாங்கி வந்திருந்தேன். ட்ரில்லை எதிர்ப்பக்கம் சுழலவிட்டால், வெட்டும் விசையே ஸ்டட்டைக் கழற்றும் பக்கம் தள்ளும். சில வண்டிகளில் இதிலேயே வந்துவிடும். எனக்கு வரவில்லை. சரி என்று வழிகாட்டியைக் கழற்றிவிட்டு 6.5 பிட், அப்புறம் 8. நடு நன்றாக அமைந்ததால் 8-க்குப் பிறகு மரையை ஒட்டிக் காகிதம் மாதிரி ஒரு சுற்றுச்சுவர்தான் மிச்சம். இந்த 10 மில்லிமீட்டர், 1.5 இடைவெளி மரைக்கு 8.5 வரைதான் துளை போகலாம். அதைத் தாண்டினால் ஹெட்டின் மரை போய்விடும். நான் 8-லேயே நின்றுகொண்டேன்.

கூரான ஊசி உளியால் ஓரத்தை உள்பக்கம் மடக்கி, மூக்குப் பிளையரால் பிடித்து மெல்லச் சுற்றினேன். ஸ்பிரிங் கம்பி மாதிரி சுருண்டு வந்தது. பாதியில் அறுந்தது. மறுபடி ஊசி, மறுபடி பிளையர். ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசி இழையும் வந்தபின், மரை வெட்டும் கருவியான டேப்பை எண்ணெய் தொட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று கையாலேயே விட்டேன். உள்ளே பழைய மரை அப்படியே இருந்தது. புது ஸ்டட்டை விரலால் திருகினால் ஆட்டம் இல்லாமல் இறங்கியது. தம்பி ‘ஹே’ என்று கத்திவிட்டான்.

பூட்டியது

உடையாதவை உட்பட எட்டு ஸ்டட்டும் புதிது. அவையும் அதே ஆட்டத்தை அனுபவித்தவைதானே. ஸ்பேர் கடையில் இந்த இன்ஜினுக்கென்று வரும் ஸ்டட்டே வாங்கினேன். துருப்பிடிக்காது என்று சிலர் ஹார்ட்வேர் கடை ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த வகை எஃகு சூட்டில் சாதா எஃகைவிட ஒன்றரை மடங்கு விரியும். இன்ஜின் காய்ந்ததும் பிடி தளர்ந்துவிடும். நட்டு மட்டும் செம்பு முலாம் பூசியது. ஸ்டட்டின் நட்டு பக்க மரையில் காப்பர் கிரீஸ் லேசாக.

ஹெட்டின் முகத்தைப் பழைய பேக்கிங் போகச் சுரண்டி, தட்டையான கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தேன். மேனிஃபோல்டின் முனை ஓட்டைகளில் அடைந்திருந்த துருவை வட்ட அரத்தால் முழுக்க எடுத்தேன். பேக்கிங் உலோகத் தகடு வகை. நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி, இரண்டு பக்கமும் மாறி மாறி முனைக்குப் போகும்படி, மூன்று சுற்றாக இறுக்கினேன்: 15, 30, 45 நியூட்டன் மீட்டர். 45 என்பது என் வண்டிக் கையேட்டில் உள்ள அளவு. உங்கள் வண்டிக்கு உங்கள் கையேட்டைப் பாருங்கள். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கியாவது போடுங்கள். பைப் மாட்டி இறுக்குவதில்தான் புது ஸ்டட்டிலும் முதல் கீறல் விழுகிறது.

பிராக்கெட் கடையில் கிடைக்கவில்லை. அட்டை வெட்டி அளவு பார்த்து, 5 மில்லிமீட்டர் இரும்புப் பட்டையில் வெல்டிங் அண்ணனே செய்து கொடுத்தார். இதில் ஒரு கவனம் தேவை. மேனிஃபோல்டையும் டர்போவையும் முழுக்க இறுக்கிய பிறகு, பைப் தானாக நிற்கிற இடத்தில் பிராக்கெட் போய்ப் பொருந்த வேண்டும். பைப்பை நெம்பி பிராக்கெட்டுக்குக் கொண்டுவந்தால், எந்தச் சுமையை இறக்கப் பார்த்தோமோ அதே சுமையை மறுபடி ஏற்றியதாகிவிடும். அதனால் ஓட்டைகளை நீளமாக வெட்டினோம்.

துணிகளை எடுத்து எண்ணினோம், ஆறும் இருந்தன. டர்போவின் ஆயில் ஓட்டையில் கொஞ்சம் ஆயிலை ஊற்றி, புதுச் செம்பு வாஷரோடு பைப்பைப் பூட்டி, பேட்டரியை மாட்டி, இன்ஜின் பற்றிக்கொள்ளாதபடி ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் மட்டும் பத்துப் பத்து நொடியாக மூன்று முறை அடித்தேன். ஆயில் விளக்கு அணைந்தது. பிறகுதான் ஸ்டார்ட்.

பத்து நிமிடம் நல்ல புகை வந்தது. ஸ்ப்ரே, மெழுகு, கிரீஸ் எல்லாம் எரிகிற புகை. அது அடங்கியதும் இன்ஜினை அணைத்து ராத்திரி முழுக்க ஆறவிட்டு, விடிகாலைக் குளிரில் மறுபடி ஸ்டார்ட் செய்து ரப்பர் டியூபைக் காதில் வைத்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒன்றும் இல்லை.

முதல் நடை இறங்கி, மேட்டுப்பாளையத்தில் மூன்று டன் உரம் ஏற்றித் திரும்பினேன். லீக் இருந்த வாரங்களில் பர்லியார் தாண்டியதும் வண்டி திணறும், பின்னால் கரும்புகை. குன்னூருக்கு மேல் இன்னும் மோசம். அப்போது அதை லோடின்மேல் பழி போட்டேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கடல் மட்டத்தோடு பார்த்தால் காற்றழுத்தம் முக்கால் பங்குதான். அந்தக் குறையை ஈடு செய்வதே டர்போ. டர்போவைச் சுற்ற வேண்டிய புகை ஹெட் ஓரமாகவே ஓடிப்போனால் மலை மேலே வண்டிக்கு மூச்சு ஏது? இந்த முறை இரண்டாவது கியரில் முக்கிய வளைவுகளைத் தாண்டிய கையோடு மூன்றாவது விழுந்து, அதிலேயே நின்று இழுத்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், புகை இல்லை.

மறுநாள் இன்ஜின் முழுக்க ஆறியபின் நட்டுகளைச் சரிபார்த்தேன். நடு நாலும் அசையவில்லை. முனை நாலும் ஆளுக்கு அரைக்கால் சுற்று ஏறின. ஐந்நூறு கிலோமீட்டரில் மறுபடி பார்த்தபோது எதுவும் அசையவில்லை. மார்ச் கடைசியில் மூடியைத் தூக்கிப் பார்த்தேன், ஹெட் ஓரத்தில் கரியின் சாயலே இல்லை.

இன்ஜின் மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தது. அன்று புகை உள்ளே வந்தது அந்த வெடிப்பு வழியாகத்தான். அதை நான் சொல்லாமலே தம்பி குன்னூரில் அளந்து வாங்கி வந்து மாற்றிவிட்டான். கேத்தியில் லோடுக்கு நிற்கும் ராத்திரிகளில் இப்போது இன்ஜினை அணைத்துவிடுகிறோம். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைக்கிறோம். தம்பிக்குக் கம்பளி இரண்டாகிவிட்டது.